மஞ்சள் பெயின்ட் அடித்த தகடு

நான் பாதுகாப்பு மேற்பார்வைக்குச் சேர்ந்த பட்டாசு ஆலை, சாத்தூர் போகும் வழியில் கருவேலங்காட்டுக்கு நடுவே இருக்கிறது. அதே ஆலையில்தான் அம்மா பல வருடங்களாகப் பட்டாசுக் குழாய்களில் வெடிமருந்து செலுத்துகிறாள்.

சேர்ந்ததும் பார்க்க வேண்டியவற்றை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டேன். மணல் வாளி, தண்ணீர்த் தொட்டி, கதவுகள் வெளிப்பக்கம் திறக்கின்றனவா, அறையில் எத்தனை பேர், கடைசியாகச் செம்புத் தகடு. மருந்து அறை ஒவ்வொன்றின் வாசல் சுவரிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகும் முன் அதைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் கம்பி வழியாக மண்ணுக்குப் போய்விடும். போகாவிட்டால் விரல் நுனியில் ஒரு பொறி பிறக்கலாம். மருந்துக்கு அது போதும்.

எங்கள் பெண்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஆயுத பூஜைக்குத் தகட்டுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. மழையில் கரைகிறதே என்று யாரோ ஒரு வருடம் மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பிறகு அதுவே வழக்கமாகி, வருடந்தோறும் ஒரு பூச்சு ஏறியிருக்கிறது. அம்மாவின் அறைத் தகட்டில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். மண்ணோடு தொடர்பு இருந்தால் அது கூவ வேண்டும். கூவவில்லை. பெயின்ட் மின்சாரத்தை விடாது.

மதியச் சாப்பாட்டின்போது வேப்பமரத்தடியில் எல்லோரிடமும் சொன்னேன். நீங்கள் தொடுவது பெயின்டைத்தான், செம்பை அல்ல, அது உங்களைக் காப்பாற்றாது, சுரண்டி எடுத்துவிடலாம் என்றேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. அம்மா தூக்குவாளியை மூடினாள். போர்மேன் மட்டும் சிரித்தார்.

“மேடத்தோட மீட்டருக்கும் ஒரு பொட்டு வச்சு விடுங்க. கோவத்துல இருக்கு.”

ஒருவரும் சேர்ந்து சிரிக்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் அக்கா தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

“அதச் சொல்லாத தாயி. காப்பாத்தாதுன்னு வாயால சொன்னா, அது கேட்டுக்கிட்டுல்ல இருக்கும்.”

மறுநாள் காலை நான் நின்று பேசிய இடம் மஞ்சள் தண்ணீரால் கழுவப்பட்டிருந்தது. என் நாற்காலியில் ஒரு வேப்பங்கொத்து. யார் வைத்தது என்று கேட்டேன். எல்லோரும் அன்பாகப் பார்த்தார்கள். “சாப்பிட்டீகளா?” என்று கேட்பார்கள், பதிலுக்கு நிற்க மாட்டார்கள். அறைகளுக்கு நடுவே நடந்தால், என் நிழல் வாசலைத் தொடும் முன்பே உள்ளே பேச்சு அடங்கிவிடும். தகடு என்று நான் வாயெடுத்தால் போதும், நாலைந்து பேர் ஒரே நேரத்தில், குரலை உயர்த்தாமல், வேறு எதையோ பேசத் தொடங்குவார்கள். சாந்தமான முகங்கள். அசையும் உதடுகள். நான் சொன்னது காற்றில் ஏறாமலே போய்விடும்.

அது சேலை காலோடு ஒட்டிக்கொள்ளும் வறண்ட பருவம். என் கைமயிர் தானாக நிமிர்ந்து நிற்பதைப் பார்ப்பேன். அதே காற்றில் அம்மா வந்து, மஞ்சள் பெயின்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, மருந்துக்குள் போவாள்.

வீட்டில் கேட்டேன், உனக்குமா புரியவில்லை என்று.

“நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். அத ஏன் அங்கன வச்சுச் சொன்ன? இத்தன வருசமா வெறும் பெயின்டத் தொட்டுட்டுத்தான் உள்ள போனோம்னு தெரிஞ்சா, நாளைக்கு எவ கை நடுங்காம வேல பாப்பா?”

நடுங்கும் கை மருந்து அறையில் என்ன செய்யும் என்று எனக்கும் தெரியும்.

முதலாளி அண்ணாச்சியிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். உன் வாயை யாரும் அடைக்கவில்லை, ஆனால் சீசன் நேரத்தில் பாதிப் பேர் வேலைக்கு வராமல் போனால் யார் பொறுப்பு என்றார். பழைய தகடுகளில் கை வைக்கக் கூடாது. வேண்டுமானால் வாசலின் மறுபக்கம் புதிதாக ஒன்று பதித்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, அது எதற்கு என்று நான் யாருக்கும் விளக்கக் கூடாது.

சம்மதித்தேன். இடது பக்கச் சுவர்களில் வெறும் செம்பு பளபளத்தது. மீட்டர் கூவியது. அந்தப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அதைக் கடக்கும்போது பெண்கள் தோளை ஒடுக்கிக்கொண்டார்கள். வாசலில் பாம்பு கிடந்தாலும் இப்படித்தான் ஒதுங்கியிருப்பார்கள்.

ஒரு மதியம் அம்மா வந்தாள். வலது கையால் மஞ்சள் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். படியேறும்போது தடுமாறியவள்போல இடது கையைச் சுவரில் ஊன்றினாள். உள்ளங்கை முழுதும் செம்பில் பதிந்தது. அவளுக்குத் தடுமாற்றம் கிடையாது. பின்னால் வந்த அக்காவும் அதே இடத்தில், அதே மாதிரி தடுமாறினாள். அடுத்தவளும். அப்போது அக்கா தலையைத் திருப்பினாள், நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். அதற்குப் பின் வந்த யாருடைய இடது கையும் உயரவில்லை.

வீட்டில் அம்மாவிடம் கேட்டேன்.

“எதத் தொட்டேன்? நான் ஒண்ணையும் தொடலயே,” என்றாள். என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள்.

அதனால் இப்போது அவர்கள் உள்ளே போகும் நேரத்தில் நான் கருவேலங்காட்டைப் பார்த்துத் திரும்பி நிற்கிறேன். முதுகுக்குப் பின்னால் வெறுங்கால்கள் வரிசையாக நகர்கின்றன. எத்தனை பேர் தொட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்புகிறேன்.