கட்டன்சாயாவுக்கு ஒரு பேக்கப்

மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் ஒரு சின்ன டிஸ்கில் பேக்கப் எடுத்து வைப்பது என் வழக்கம். விண்டோஸுக்குப் பதிலாக நான் போட்டிருக்கும் லினக்ஸில் இதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. நல்ல சிக்கனக்காரன். முன்பே எடுத்து வைத்ததைத் திரும்ப எடுக்காது. போன தடவைக்குப் பிறகு எது மாறியிருக்கிறதோ அதன் பெயரை மட்டும் திரையில் ஒரு வரி சொல்லிவிட்டு எடுத்து வைக்கும். அந்த வரிகளை நான் நின்று படிப்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆராதனைக்குப் போய் வந்ததும் அதை ஓடவிட்டுவிட்டு, கையில் சாயா டம்ளரோடு பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயரில் சில வரிகள் ஓடின. மின்சார பில், அக்கா துபாயிலிருந்து அனுப்பிய போட்டோக்கள், வழக்கமான குப்பை. அதன் பிறகு அப்பாவின் பெயரில் ஒரு வரி வந்தது.

அப்பா தவறி மூன்று மழைக்காலம் போய்விட்டது. அவருடைய ஃபோல்டரை அழிக்க மனம் வராமல் அப்படியே வைத்திருக்கிறேன். யாரும் திறக்காத ஃபோல்டரில் என்ன மாறும்? ஆனால் மாறியிருந்தது. அவருடைய சீட்டாட்ட மார்க்கு பதிவாகும் சின்ன ஃபைல் அது.

பார்த்துக்கொண்டே இருந்ததில் சாயா ஆறிவிட்டது. ஆறியதில் பெரிய நஷ்டமில்லை, அது அம்மா போட்ட சாயா. அப்பா போன பிறகு காலையிலும் மாலையிலும் சாயா போடுவது என் வேலையாக இருந்தது. கொஞ்ச நாளாகத்தான் அம்மா, “நீ கெட, நான் போடுதேன்” என்று எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறாள். என் மேல் இரக்கம் வந்துவிட்டதென்று நினைத்து நானும் சும்மா இருந்தேன். அம்மா தேயிலையைத் தண்ணீருக்கு அறிமுகம் செய்து வைப்பாள். அதற்குமேல் அவர்கள் இருவருக்குள்ளும் எந்தப் பழக்கமும் ஏற்படாது.

பால் சேர்க்காத அப்பாவின் கட்டன்சாயா வேறு ஜாதி. சுக்கைத் தட்டிப் போட்டு, கருப்பட்டி கரைந்து, ஏலக்காய் மணம் போர்வைக்குள் வந்து ஆளை எழுப்பும். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். விடியற்காலை முதல் வண்டி எடுக்கிற ஆட்களுக்குச் சாயாவில் விட்டுக்கொடுக்கிற குணம் கிடையாது.

எங்கள் வீடு தக்கலைக்கும் இரணியலுக்கும் நடுவில். அந்த நாட்களில் நான் இரணியலில் ரயிலேறி திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் வந்தேன். அந்த ஆபீசில் எல்லோரும் லினக்ஸ்தான். சளி ஒட்டிக்கொள்கிற மாதிரி எனக்கும் ஒட்டிக்கொண்டது. வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டேன். ஆளுக்கொரு கணக்கு உண்டாக்கிக் கொடுத்து, “இது ஒரு வீடு, ஆளுக்கொரு ரூம்” என்று விளக்கினேன். அப்பாவின் ரூமில் எழுத்துகள் பேருந்து முகப்புப் பலகை அளவுக்கு இருக்கும். அவருடைய பாஸ்வேர்டு அவர் ஓட்டிய பேருந்தின் தடம் எண். அது ஊருக்கே தெரியும். அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். அவள் ரூமில் எல்லாம் வரிசையாக, ஓரம் மடங்காமல் இருக்கும். வேலை முடிந்ததும் திரைக்கு மேல் லேஸ் வைத்த துணி ஒன்றைப் போட்டு மூடுவாள்.

சீட்டாட்டத்தைக் கண்டுபிடித்தது அப்பா. ஒற்றை ஆளாக ஆடுகிற ஆட்டம், லினக்ஸோடு சேர்ந்தே வந்தது. எங்கள் சபையில் சீட்டுக்கட்டு என்றால் சாராயக் குப்பிக்கு ஒரு படிதான் கீழே. அம்மாவோ சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர். வீடு அதிர்ந்தது.

“ஊழியக்காரங்க வந்து போற வீட்டுல சீட்டா?”

“இதுல சீட்டு எங்கட்டி இருக்கு? கையில பிடிக்க முடியுமா? வெறும் படம்லா!”

கொஞ்ச நாள் அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. பிறகு தூசி துடைக்க வந்தாள். அதன்பிறகு துடைத்த இடத்தையே மறுபடியும் துடைக்க வந்தாள். ஒருநாள் பொறுக்கமுடியாமல் அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெடித்தாள். “அந்தக் கறுப்பு ஒம்பத எடுத்து சிவப்புப் பத்துக்க மேல வைக்கப்பிடாதா? கண்ணு தெரியலியா?”

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவரவர் ரூமில் அவரவர் ஆட்டம். நூற்றுக்கு எத்தனை ஆட்டம் ஜெயித்தோம் என்று அந்த ஆட்டமே கணக்கு வைத்துக்கொள்ளும். அம்மா அதை மார்க்கு என்றாள், வீடும் அப்படியே சொன்னது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் இரண்டு மார்க்கையும் பார்ப்பார்கள். யாருக்குக் குறைவோ அவர்தான் அந்த வாரம் முழுக்க விடிகாலைச் சாயா போடவேண்டும். இதுதான் சட்டம்.

போட்டது பெரும்பாலும் அப்பாதான். அம்மா ஒரு சீட்டை நகர்த்துவதற்குள் சோறு வெந்துவிடும். தப்பாக வைத்துவிட்டால் பின்னால் எடுத்து மாற்றியும் வைப்பாள். ஆட்டத்தில் அதற்கு வசதி உண்டு. அப்பா சாகும்வரை அந்தப் பொத்தானைத் தொட்டதில்லை. “அவ பாதி ஆட்டமும் ரிவர்ஸ்லலா ஓட்டுதா! நடுரோட்டுல வண்டிய ரிவர்ஸ் எடுக்கது டிரைவருக்கு அழகா மக்களே?” என்று என்னிடம் நியாயம் கேட்பார். கேட்டுவிட்டுப் போய் சுக்கு தட்டுவார்.

இதற்கிடையில் அம்மா ஒருநாள் தனியாக என்னைப் பிடித்தாள். “லே மக்கா, எனக்க ரூமுக்கு நல்ல ஒரு பூட்டு போட்டுத் தா. ஐக்கியத்துப் பெண்ணுவ வந்தா எதையாவது தட்டிப் பாப்பாளுவ.” சாதாரணமாக ஒருவர் ரூமை இன்னொருவர் எட்டிப் பார்க்க லினக்ஸ் அப்போது அனுமதித்தது. நான் அம்மாவின் ரூமை மட்டும் இறுக்கப் பூட்டினேன். அவளைத் தவிர யாரும் உள்ளே பார்க்கமுடியாது. பூட்டியதைச் சுத்தமாக மறந்தும் போனேன்.

சில வருடங்களில் அந்தக் கம்ப்யூட்டர் தளர்ந்துவிட்டது. ஓடும்போது பழைய மாவு மில் சத்தம், சூடான தூசி நாற்றம். புதிது வாங்கினேன். பழையதிலிருந்து பேக்கப் எடுத்துப் புதியதில் போடுவது எனக்குப் பெரிய காரியமா என்ன? ஆபீசில் நாலு பேர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். எப்போதும்போல அப்பாவின் கணக்குத் திறந்து கிடந்தது. அதிலிருந்தே கட்டளையை ஓட்டினேன். கறுப்புத் திரையில் மளமளவென்று வரிகள் ஓடின. நடுவில் சில வரிகள், அம்மாவின் பெயரோடு, “அனுமதி இல்லை” என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தன. நான் நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தேன். எச்சரிக்கையையெல்லாம் புதிதாகப் படிக்கிறவன்தானே நின்று வாசிப்பான்! பழைய கம்ப்யூட்டரைத் தக்கலைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மார்க்குப் பார்க்க உட்கார்ந்தார்கள். அப்பாவின் ரூம் அப்படியே வந்திருந்தது. அதே பெரிய எழுத்து, அதே பேருந்துப் படம், அதே பாவப்பட்ட மார்க்கு. அம்மா தன் ரூமைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. மார்க்கு பூஜ்யம்.

“எனக்க மார்க்கு எங்கலே?”

நான் குனிந்து அவள் ஃபோல்டரைத் துழாவினேன்.

“அவருக்க ரூம் மட்டும் பத்திரமா வந்திருக்கு. எனக்கதுல மட்டும் வெள்ளையடிச்சு விட்டிருக்கு. அப்பனும் மவனும் சேந்து நல்லா பேக்கப் எடுத்திருக்கிய.”

பூட்டிய ரூமுக்குள் அப்பாவின் கணக்கால் நுழைய முடியாமல் போனதை நான் விளக்க விளக்க, சதியில் எனக்கிருந்த பங்கு உறுதியாகிக்கொண்டே போனது. அப்பா வெட்கமில்லாமல் காலை நீட்டி உட்கார்ந்தார். “சட்டம் சட்டம்தான் டீச்சரே. பூஜ்யம் மேலயா, கீழயா?”

மறுநாள் காலை அம்மா சாயா போட்டாள். அப்பா போர்வைக்குள்ளிருந்தே கைநீட்டி வாங்கினார். வாழ்க்கையில் அப்படியொரு ராஜபோகம் அவருக்கு வாய்த்ததில்லை. ஒரு மடக்கு குடித்தார். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

இரண்டு நாள் தாங்கினார். மூன்றாம் நாள் நான் துணி காயப்போடும்போது கொடிக்கயிற்றுப் பக்கம் வந்து, காய்கிற வேட்டிக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னார். “மக்களே, அவளுக்க மார்க்க எப்பிடியாவது எடுத்துக் குடுத்திரு. இதக் குடிச்சா எனக்குப் பொழுதே விடிய மாட்டேங்குது.”

“நீங்களே போட்டுக் குடிச்சா என்ன?”

“ஜெயிச்சவன் போய் சாயா போட்டா அவளுக்கு இரக்கப்பட்டு விட்டுக்குடுத்த மாதிரி ஆயிராதா? வாங்கிக்கட்ட எனக்குத் தெம்பில்ல.”

அப்பாவின் கவலை சாயா. அம்மாவுக்கு அது சாயா விஷயமே இல்லை. வேலைக்குப் போன காலமெல்லாம் மற்றவர்களுக்கு மார்க்குப் போட்டவள். தனக்கென்று யாரும் ஒரு மார்க்கு போட்டது அந்த ஆட்டத்தில்தான். அதைத்தான் நான் சிப்ஸ் தின்றுகொண்டே தொலைத்திருந்தேன். எனக்கு வெட்கமாகவும் பாவமாகவும் இருந்தது. லீவு சொல்லிவிட்டுத் தக்கலைக்குக் கிளம்பினேன். அம்மாவும் குடையை எடுத்துக்கொண்டு கூடவே பஸ் ஏறினாள். என்னைத் தனியாக நம்ப அவள் தயாராக இல்லை.

கடைக்காரர் எங்கள் சபைக்காரர்தான். எங்கள் கம்ப்யூட்டர் மேசைமேல் திறந்து கிடந்தது.

“சரியான நேரத்துக்கு வந்திய. ஒரு ரப்பர் ஷீட் கடைக்காரருக்கு வேணுமாம். இப்பம் எல்லாத்தையும் அழிக்கப் போறேன்.”

நான் வாய் திறப்பதற்குள் அம்மா குடையை அதன் குறுக்கே வைத்துவிட்டாள். “தொடப்பிடாது.”

“அப்பிடி என்ன டீச்சர் இதுல? பென்ஷன் பேப்பரா?”

“அதவிட முக்கியம்.”

இந்தத் தடவை பூட்டையெல்லாம் திறக்கிற உரிமை படைத்த நிர்வாகியாக நுழைந்தேன். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் லினக்ஸில் எந்த ஃபோல்டரும் கண்ணுக்குத் தெரியாது. ஆட்களின் செட்டிங்ஸ், சின்னச் சின்ன ஆசைகள் எல்லாம் அப்படித்தான் ஒளிந்திருக்கும். ஒளிந்திருந்ததை வெளியே காட்டினேன். சீட்டாட்டத்தின் பெயர் திரையில் வந்து நின்றது. கடைக்காரர் திரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள்.

“டீச்சர்,” என்றார் அவர் குரலைத் தாழ்த்தி, “நானும் இதுதான் ஆடுவேன். சபையில சொல்லிராதீங்க.”

“நான் எதுக்குச் சொல்லப்போறேன்?” என்று அம்மா பெருந்தன்மையாக மன்னித்தாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவள் ரூமில் போட்டேன். அம்மா பாஸ்வேர்டு அடித்தாள். திரை ஒரு நொடி மினுங்கிவிட்டு மறுபடியும் வாசலிலேயே வந்து நின்றது. நிர்வாகியாக இருந்து கொண்டுவந்ததால் எல்லாம் நிர்வாகியின் சொத்தாகியிருந்தது. அம்மாவுக்கு அதில் பாத்தியதை இல்லை.

“எனக்க ரூமுக்குள்ள நான் கேறப்பிடாதா?” என்றாள் அம்மா. அந்தக் குரலுக்குப் பள்ளிக்கூடமே நடுங்கியிருக்கிறது.

உரிமையை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன். ரூம் திறந்தது. ஓரம் மடங்காத வரிசைகள் வந்தன. மார்க்கு, இம்மி குறையாமல் வந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். பின்னால் நின்ற அப்பா, தோற்றவர் விடவேண்டிய பெருமூச்சை ஒப்புக்கு ஒன்று விட்டார். மறுநாள் காலை சுக்கும் கருப்பட்டியுமாக வீடு மணத்தது. அடுக்களையில் அப்பா ஏதோ ஞானப்பாட்டை விசிலடித்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து பேக்கப் என்றால் நிர்வாகியாகத்தான் எடுப்பேன், மூன்று ரூமையும் சேர்த்து. அப்பா போன பிறகும் மூன்று ரூம்தான். அம்மா ஆடுவதை விட்டுவிட்டாள் என்று நினைத்திருந்தேன். நான் வேலைக்குப் போன பிறகு வீட்டில் என்ன நடக்கிறதென்று எனக்கென்ன தெரியும்?

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறிய டம்ளரோடு அடுக்களைக்குப் போனேன். அம்மா குளச்சலிலிருந்து வந்த சாளைமீனை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பாக்க ரூமுக்குள்ள யாரு கேறுனது?”

“பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும்லா.” மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீங்களா ஆடுனது?”

“ஆமா. பாஸ் மார்க்கு வாங்காமலே போயிட்டாரு மனுஷன். பாக்கப் பாக்க எனக்குச் சங்கடமா இருந்துது.” இன்னொரு மீனை எடுத்துக்கொண்டே அவளாகவே சொன்னாள். “அவருக்க ரூம்ல ஆடும்போ நான் ரிவர்ஸ் எடுக்கமாட்டேன். அவருக்குப் பிடிக்காதுல்லா.”

திரும்பப் போய் இரண்டு ரூமையும் திறந்து பார்த்தேன். அப்பாவின் மார்க்கு அம்மாவுடையதைத் தாண்டியிருந்தது. மறுபடியும் அடுக்களைக்கு ஓடினேன்.

“எப்பம்மா தாண்டுனாரு?”

“கிறிஸ்மஸ் கழிஞ்சு.”

அம்மா எனக்கு முன்னால் எழுந்து சாயா போட ஆரம்பித்ததும் கிறிஸ்துமஸ் கழிந்துதான். அவள் கையைக் கழுவிவிட்டு அடுப்பில் மறுபடியும் தண்ணீர் வைத்தாள். “என்னலே பாக்குத? அவருதான் மேல. சட்டம் சட்டம்தான்.”

புதுச் சாயா வந்தது. தேயிலை தண்ணீரை அடையாளம் கண்டுகொண்ட மாதிரியே தெரியவில்லை. அப்பா இருந்தால் என்னைக் கொடிக்கயிற்றுப் பக்கம் கூப்பிட்டிருப்பார். நானும் அம்மாவும் கடைசி மடக்குவரை குடித்து முடித்தோம்.