கூப்பிடு தூரம்

தையலக்காவுக்குப் பயம் என்றால் என்னவென்று இத்தனை வயதுவரை தெரியாது. பள்ளிக்கூடச் சீருடை தைத்தே ஒரு மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்த மனுஷி. அளவு சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள்கூட அவள் போடும் சத்தத்தில் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். அப்பேர்ப்பட்டவள் இப்போது சொந்தக் குளியலறைக்குள் போக நடுங்குகிறாள் என்றால் யார் நம்புவார்கள்?

எல்லாம் ஒரு தடவை விழுந்ததால் வந்த வினை. இருந்ததோ நீளமான வீடு. வாசலறையில் டிவி, பின்கோடியில் குளியலறை, நடுவில் மகள் போன பிறகு சும்மா கிடக்கிற அறைகள். ஒரு மத்தியானம் சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கி இடுப்படியாக விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. "ஏங்க... ஏங்க..." என்று தொண்டை வறளக் கூப்பிட்டாள். டிவிதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இப்படியே ஈரத்தில் கிடந்து போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று அப்போது ஒரு பயம் வந்ததே, அப்பப்பா, அது அவள் எதிரிக்கும் வர வேண்டாம். பசி எடுத்து, சாப்பாடு கேட்டு உள்ளே வந்தபோதுதான் அவள் வீட்டுக்காரர் பார்த்தார்.

"காது என்ன செவிடா உங்களுக்கு?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அவள் சீறினாள்.

"நடுவுல கதவெல்லாம் சாத்தியிருந்துச்சு. வீடா அது? ரயில்வே ஸ்டேஷன் மாதிரி நீண்டு கெடக்கு. மொதல்ல அதைக் காலி பண்றோம்" என்றார் அவர். அச்சகத்தில் மெஷின் பக்கத்திலேயே காலம் தள்ளி ஓய்வுபெற்றவர். ஒரு முடிவெடுத்தால் மாற மாட்டார்.

மகள் போனில் சந்தோஷத்தில் குதித்தாள். "சின்ன வீடுன்னா எவ்வளவு சௌகரியம் தெரியுமாம்மா? கூட்டித் தொடைக்கிற வேலை பாதியாயிடும். கரண்டு பில்லு குறையும். தட்டுமுட்டுச் சாமானெல்லாம் ஒழியும்."

"சௌகரியத்தைத் தூக்கி அடுப்புல போடு. கூப்பிட்டா உங்கப்பாவுக்குக் கேக்கணும், அவ்வளவுதான் எனக்கு."

அதனால் வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம் ஒரே கூத்து. அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகக் கூப்பிடுவாள். அவர் கூடத்தில் நின்று, கேட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் "நல்லாக் கேக்குது" என்றுதான் சொன்னார். ஆனால் ஒன்றில் வெளிச்சம் இல்லை, ஒன்றில் படி அதிகம். வீட்டு புரோக்கருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

கடைசியாக ஒற்றை அறை வீடு ஒன்று. கட்டில் போடுகிற இடத்துக்கு நேர் எதிரே குளியலறை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். யாரோ அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள், தரையெல்லாம் தண்ணீர். அதைப் பார்த்ததுமே சுவரைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

"ஆங், கேட்டுச்சு! கணீர்னு கேட்டுச்சு!" என்றார் அவர் வெளியே இருந்து.

அவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற புரோக்கர், "சார், அம்மா இன்னும் கூப்பிடவே இல்லையே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் திரும்பவில்லை. சிரித்த முகமாகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் விழுந்த அன்றைக்கு நடுவில் எந்தக் கதவும் சாத்தியிருக்கவில்லை, அவருக்குக் காதுதான் கேட்கவில்லை என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. இத்தனை நாளும் அவர் காதை நம்பித்தானே குளிக்கப் போனாள்! கிட்டே வந்து, அவர் முகத்துக்கு நேராக நின்று கேட்டாள்.

"எத்தனை நாளா கேக்கல?"

அவர் அவள் வாயையே பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"ரிட்டையர் ஆகறதுக்கு முன்னாடியே குறைஞ்சுபோச்சு. நீ அன்னைக்குக் கத்துனது எனக்குக் கேக்கலன்னு தெரிஞ்சா, என்கூட இருக்கவே பயப்படுவியோன்னு..." குரல் உடைந்தது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ விழுந்துகிட்டே இருக்கற மாதிரியே இருக்கு."

கன்னத்தில் ஒன்று விட வேண்டும்போல் ஆத்திரம் வந்தது அவளுக்கு. அழுகையும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அசையாம இங்கயே நில்லுங்க" என்று கட்டில் போடும் இடத்தைக் காட்டிவிட்டு, மறுபடி குளியலறைக்குள் போனாள். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. நடுக்கத்தோடு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள். புடவை நனைந்தது. கைக்கு எட்டின இடத்தில் யாரோ விட்டுப்போன பிளாஸ்டிக் மக் கிடந்தது. அதை எடுத்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து வீசினாள்.

அது நேராகப் போய் அவர் முழங்காலில் விழுந்தது.

"அம்மா!" என்று அலறினார் புரோக்கர்.

அவர் காலைத் தேய்த்துக்கொண்டே ஓடிவந்து அவளைத் தூக்கினார்.

"எறிஞ்சா எட்டுது. இந்த வீடே போதும்" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்த்து.