உள்ளே வந்த அழைப்புகளுக்குக் கட்டம் இல்லை

1. பதினொரு வீடுகள்

எண்பதுகளின் கடைசியில் வால்தம்ஸ்டோவில், டெலிபோன் கம்பனிக்கு வேலை செய்த ஒரு சிறிய ஒப்பந்த அலுவலகத்தில் இருந்தேன். பாவனை குறைந்த தெருவோர டெலிபோன் பெட்டிகளை எடுத்துவிடப் பரிந்துரைப்பது எங்கள் பிரிவின் வேலை. அதற்கான படிவத்தை ஏழு கட்டங்களுடன் கீறியவன் நானே.

வேல்ஸில் ஒரு குக்கிராமத்துப் பெட்டிக்கு மீட்டர் ஆண்டு முழுவதும் காட்டியது முப்பத்தொரு அழைப்புகள். 'எடுக்கலாம்' என்று கையொப்பமிட்டேன். அறிவித்தல் ஒட்டவும் நானே போனேன்.

வீடுகள் பதினொன்று. தேவாலயம் ஒன்று. தபால் பெட்டி ஒன்று. கடை இல்லை. பஸ் புதனும் சனியும் மட்டும். நான் போனது புதன். பெட்டிக்குள் ஒரு வயதான அம்மா ரிசீவரைத் தொடாமல் இருபது நிமிடம் நின்றார்.

"பேசப் போறீங்களோ?"

"இல்லை. மகன் இதுக்குக் கோல் எடுப்பான். கப்பல்ல வேலை. கரைக்கு வந்தால் புதன் நாலு மணிக்கு எடுப்பான்."

"எத்தனை தரம்?"

"போன வருசம் ஒன்பது. நான் எல்லாப் புதனும் வருவன். அவன் கடிதம் எழுதுற பிள்ளை இல்லை."

அறிவித்தலை வாசித்தார். "மற்றப் பக்கம் ஒட்டுங்கோ. இதில மழை அடிக்கும்."

உள்ளே வரும் அழைப்பை மீட்டர் காட்டாது. என் அம்மாவும் சுன்னாகத்தில் ஒரு கடை டெலிபோனடியில் எனக்காகக் காத்திருந்தவர்தான். அப்படியிருந்தும் வரும் அழைப்புக்கு ஒரு கட்டம் கீற எனக்குத் தோன்றவில்லை.

2. மேலதிகாரி

எங்கள் மேலதிகாரி ராஜு மலேசியத் தமிழர். விஷயத்தைச் சொன்னேன்.

"கணேஷ், ஃபாரம் நீங்க போட்டது. கையெழுத்தும் உங்களுது. இப்ப நீங்களே வந்து நிக்கிறீங்க."

"பிழை என்னுடையதுதான் சேர்."

"மேல அனுப்பியாச்சு. அடுத்த ஃபாரத்துல ஒரு கட்டம் சேர்த்துக்குங்க."

சேர்த்தேன். அந்த ஊர்ப் பெட்டி போய்விட்டது.

3. மூன்று நிமிடம்

இரண்டு மாதங்களின் பின் ஓர் அழைப்பு. அந்த ஊர்ப் பெட்டியின் நம்பரைக் கேட்டவரை ஒப்பரேட்டர் எங்களிடம் திருப்பிவிட்டிருந்தார்.

"அந்த நம்பர் செத்துப்போச்சு. அம்மா இருக்கிறாவோ?"

"ஓம், நான் கண்டனான். சுகமாயிருந்தவ."

பிறகு பெட்டி ஏன் போனது என்று விளக்கினேன். மீட்டர், முப்பத்தொன்று, ஏழு கட்டம், என் பிழை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி, அம்மாட்டைச் சொல்லுங்கோ, நான் இப்ப..."

அவர் போட்ட மூன்று நிமிடக் காசு முடிந்து லைன் அறுந்தது. கப்பலின் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

மகன் எடுத்தார் என்று அந்த அம்மாவுக்கு எழுதினேன். பதில் ஒரே வரி: "எங்கேயிருந்து எடுத்தவன்?"

புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, யார் எடுத்தாலும் அதை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் விளக்கம் பிறகு இருக்கட்டும். அவருடைய மூன்று நிமிடத்தையும் நானே பேசி முடித்தேன்.