தம்பிக்குக் கால் அளவெடுத்த நாள்

என் தம்பிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. டவுன் சிண்ட்ரோம். அந்தப் பெயரைச் சொன்னால், அது எந்தத் தீவில் இருக்கிறது என்பது போல எங்களைப் பார்ப்பவர்கள் உண்டு.

எங்கள் வீடு தீவின் துறைமுகத்துக்கு மேலே, மரைன் ஹில் மேட்டில். சாயங்காலமானால் மேட்டிலிருந்து இறங்கிப்போய், சென்னைப் பக்கத்திலிருந்து வரும் மெயின்லேண்ட் கப்பல் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதுதான் தம்பியின் உத்தியோகம். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. போன வருஷம் அதை விட்டுவிட்டான். பாதிச் சரிவில் ஒரு குட்டைச்சுவர் இருக்கிறது. அதில் உட்கார்ந்தால், யார் கூப்பிட்டாலும் பிடித்து வைத்த பிள்ளையார்தான். அம்மா அதைப் பிடிவாதம் என்றாள். நான் சோம்பேறித்தனம் என்றேன். இரண்டுக்கும் மருந்து இல்லாததால் பேச்சு அத்துடன் நின்றது. பிறகு அவன் வாசலைத் தாண்டுவதையே நிறுத்திவிட்டு, ஜன்னலில் நின்று, "ஜஹாஜ் ஆயா?" என்று தெருவில் போகிறவர்களிடம் கப்பலை விசாரிக்க ஆரம்பித்தான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

கடைச் செருப்பு எதுவும் அவனுக்குச் சேராது. அகலத்துக்குப் பெரிய ஆள் செருப்பு, நீளத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை செருப்பு. அகலம் பார்த்து வாங்குவோம். முன்னால் காலியாகக் கிடக்கும் இடத்தில் கல் புகுந்துகொள்ளும். அதனால்தான் நடக்க மறுக்கிறானோ என்று எனக்குத் தோன்றியது.

புரோத்ராபூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் முகாம் என்றார்கள். அவனைப் போன்றவர்களுக்குக் கம்ப்யூட்டரில் கால் தடம் எடுத்து, அதற்கேற்ற ஷூ செய்து அனுப்புவார்களாம். முகாம் நடத்த வந்தவர்களுக்கு மறுநாள் காலை திரும்பிப்போக ஃபிளைட். தடம் விழாவிட்டால் ஷூ இல்லை. ஷூ இல்லாவிட்டால் ஜன்னல்தான்.

அம்மாவும் நானும் அவனைக் கூட்டிப்போனோம். மெஷின் என்றால் கனத்த கண்ணாடிப் பலகை, அடியில் விளக்கும் கேமராவும். ஏறி, கையைத் தொங்கப்போட்டு, நேரே பார்த்துக் கொஞ்ச நேரம் ஆடாமல் நின்றால் உள்ளங்கால் லேப்டாப்பில் வரும். "வெயிட் மெஷின் மாதிரிதான்மா, ரொம்ப ஈஸி" என்றாள் சென்னையிலிருந்து வந்திருந்த பெண். பாவம், என் தம்பியை அவளுக்குத் தெரியாது.

காகிதத்திலோ புத்தகத்திலோ கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். அம்மா தம்பிக்குச் சொல்லிக்கொடுத்ததில் முழுசாக ஏறியது அது ஒன்றே. சட்டைப் பித்தான் இன்றும் மாறிப்போகும், இது மாறாது. ரிமோட், என் ஆபீஸ் பை, பஸ்ஸில் பக்கத்து ஆளின் கால், எது பட்டாலும் குனிந்து கும்பிட்டுவிடுவான். ஆயுத பூஜையன்று அம்மா மிக்ஸிக்கும் பொட்டு வைப்பதால், கரண்டில் ஓடுகிற எல்லாமே அவனுக்குச் சாமி.

விளக்கெரியும் கண்ணாடியைப் பார்த்ததும் பின்வாங்கினான். "பாப் லகேகா" என்றான். பாவம் வந்து சேருமாம். வெளியாட்களிடம் அவன் இந்திதான் பேசுவான், தமிழ் வீட்டுக்கு. பிடித்து ஏற்றினோம். ஏறின வேகத்தில் குனிந்து கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான். படத்தில் இரண்டு பாதங்களின் முன்பாதியும் நடுவில் ஒரு உள்ளங்கையும் வந்தன. குதிகாலைக் காணோம். "கை வேணாம்ணா" என்றாள் அந்தப் பெண். அடுத்த படத்தில் இரண்டு கையும் வந்தன.

நான் ஏறி நின்று காட்டினேன். அவன் ஓடிவந்து, எனக்காகக் கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டு, என் பாவத்தையும் கழித்துவிட்டுப் போனான்.

"நீ சொன்னா கேப்பான்மா. மிதிக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லு" என்றேன்.

"அதை எந்த வாயால சொல்லச் சொல்ற? அவனுக்கு ஒழுங்கா வந்ததே அது ஒண்ணுதான்."

"அப்ப கும்பிட்டுக்கிட்டே வீட்ல கிடக்கட்டும்" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது.

மற்றவர்களெல்லாம் முடித்துப் போய்விட்டார்கள். முகாம்காரர்கள் ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். அப்போது அம்மா எழுந்துபோய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏறுடா. நீ நேரா நில்லு. உனக்குப் பதிலா நான் தொட்டுக்கிறேன்."

அவனே எனக்குச் செய்ததுதான் என்பதால் மறுக்க வழியில்லை. ஏறினான். அம்மா கண்ணாடி விளிம்பைத் தொடுவதும் கண்ணில் ஒற்றுவதுமாக இருந்தாள். அவன் கீழே குனிந்து பார்க்காமல் இருக்க நான் எதிரே நின்றுகொண்டேன்.

"அம்மா பண்றாளா?"

"பண்றாடா. என்னையப் பாரு."

படம் விழுந்தது. இரண்டு முழுப் பாதங்கள். உள்பக்கம் குழிவு இருக்க வேண்டிய இடத்தில் குழிவே இல்லை. பாதம் உள்பக்கமாகச் சாய்கிறது என்றும், சரிவில் இறங்கும்போது கணுக்காலும் முட்டியும் சேர்ந்து வலிக்கும் என்றும் அந்தப் பெண் சொன்னாள். "ரொம்ப நாளாவே வலிச்சிருக்கும்மா."

அம்மா தரையிலிருந்தபடியே கேட்டாள். "வலிக்குதாடா?"

"ம்."

"ஏண்டா சொல்லலை?"

அவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "உனக்கும் வலிக்குதே" என்றான்.

எங்கள் வீட்டு மேட்டில் ஒவ்வொரு வளைவிலும் "ஐயோ, காலு" என்று சொல்லிக்கொண்டே ஏறுகிறவள் அம்மா. கால் என்றால் வலிக்கும், எல்லாருக்கும் அப்படித்தான் என்று அவன் நினைத்திருக்கிறான்.

நாங்கள் மறந்தே போயிருந்த நேரத்தில் ஷூ கப்பலில் வந்தது. முதலில் அதைக் கும்பிட்டான். பிறகு போட்டுக்கொண்டு இறங்கினான். குட்டைச்சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கப்பலைப் பார்த்துவிட்டு வந்து, ஷூவைக் கழற்றி அம்மாவின் முன்னால் வைத்தான்.

"போடு."

அம்மா போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தாள். ஷூவுக்குள்ளே அவள் கால் தனியாக நடந்தது.

"வலிக்குதா?"

"இல்லடா."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன்னோடது எப்ப வரும்?" என்றான்.

"அடுத்த கப்பல்ல" என்றாள் அம்மா.

அதிலிருந்து ஒருநாள் தவறாமல் இறங்கிப்போய், கப்பல் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறான்.