கை நின்ற இடம்

"தலை ஈரத்தோடு எவளாவது மெத்தையில் சாய்வாளா? இந்த ஆசிரியருக்கு வீட்டில் பெண்சாதி உண்டா?" என்று பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி, கீழே 'சி.பா.' என்று கையெழுத்தும் போட்ட பிறகுதான் சின்னப்பாப்பா அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறாள். புத்தகம் அவளுடையதல்ல. பெரிய மார்க்கெட் பக்கம் காசிலிங்கம் நடத்தும் வாடகை நூலகத்துடையது. முதலில் அவர் கோபித்துக்கொண்டார். பென்சில் குறிப்பு உள்ள புத்தகம்தான் வேண்டும் என்று ஆட்கள் கேட்டு வாங்க ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டார்.

நெல்லித்தோப்பில் மில் சங்கு காதைப் பிளக்கும் தூரத்தில் வீடு. வயது நாற்பத்து மூன்று. பதினோரு வருடமாகச் சென்னை வாரப் பத்திரிகை ஒன்றுக்குக் காதல் தொடர்கதை எழுதுகிறாள். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிய வாரம்கூட அத்தியாயம் தவறவில்லை. அந்த வாரம் கதாநாயகனுக்கு டைபாய்டு. ஊரே கொடியைப் பற்றிப் பேச, அவளுக்கு வந்த கடிதங்களெல்லாம் அவன் பிழைப்பானா என்று கேட்டன. கணவன் கோவிந்தராசு மில்லில் நெசவு. "இவ கதைல வர்ற ஆம்பள ஒருத்தனும் ஷிப்டுக்குப் போறதில்ல. எப்பப் பாத்தாலும் பீச்சுலயே நிக்கிறான்" என்பது அவன் விமர்சனம்.

கன்னியாஸ்திரிகள் பள்ளியில் கற்ற பிரெஞ்சு இருப்பதால் அந்த மொழி நாவல்களும் தப்புவதில்லை. "அவுங்க கதைல பத்தாம் பக்கத்துலயே முத்தம் குடுத்துடறாங்க. மிச்ச முன்னூறு பக்கத்துக்கு அந்தப் பொண்ணு இன்னா பண்ணுவா, பாவம்! நம்ம ஆளுங்கன்னா முன்னூறு பக்கமும் கடுதாசியே போட்டுக்கினு கெடக்கறான். நடுவுல ஒரு வழி வேணாமா?" அந்த நடு வழி யாருடையது என்று கேட்டால் நமக்குத்தான் புத்தியில்லை.

எழுதி முடித்த அத்தியாயம் நேரே தபாலுக்குப் போகாது. வீராம்பட்டினத்திலிருந்து கூடை சுமந்து வரும் வீராயி பின்கட்டில் அரிவாள்மணையைப் போட்டு மீன் ஆய்வாள். எதிரே முக்காலியில் உட்கார்ந்து சின்னப்பாப்பா படிப்பாள். வீராயிக்கு எழுத்து தெரியாது. கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவும் மாட்டாள். அவள் கை சொல்லும். எந்த வரியில் ஆய்கிற கை நிற்கிறதோ அந்த வரி தேறிவிட்டது. கடைசி வரை கை ஓடிக்கொண்டே இருந்தால் தாள்கள் அடுப்புக்குப் போகும். இப்படியொரு பரீட்சை நடப்பது பத்திரிகை ஆசிரியருக்கும் தெரியாது, வீராயிக்கும் தெரியாது. இதற்காகவே வேண்டாத நாளிலும் காரப்பொடி மீன் வாங்கி, கோவிந்தராசுவிடம் பேச்சு வாங்கியிருக்கிறாள்.

இந்த ஆடியில் அதே பத்திரிகையில் லாஸ்பேட்டை சாந்தி என்று ஒருத்தி தொடர் எழுத வந்தாள். பள்ளிக்கூட டீச்சர், இருபத்து மூன்று வயது. படம் வேறு போட்டிருந்தார்கள். சின்னப்பாப்பாவிடம் பதினோரு வருடத்தில் ஒருவரும் படம் கேட்டதில்லை. "ரெட்ட சடை போட்ட புள்ளைக்குக் காதலப் பத்தி இன்னா தெரியும்?" என்று சொல்லி, பத்திரிகை வந்ததும் வராததுமாக அந்தப் பக்கங்களை மட்டும் ஊசி நூலால் தைத்துவிடுவாள். கண்ணில் பட்டால்தானே வம்பு!

போன புதன்கிழமை அவள் படித்தது கடற்கரையில் நிலா வெளிச்சத்தில் காதலர்கள் சத்தியம் செய்யும் அத்தியாயம். வீராயியின் கை ஓர் இடத்திலும் நிற்கவில்லை. சங்கரா மீனின் செதில்தான் பறந்தது. படித்து முடித்ததும் வீராயி நிமிர்ந்தாள்.

"ஏம்மா பாப்பாம்மா, அந்த லாஸ்பேட்டப் பொண்ணு கதைல இந்த வாரம் இன்னா ஆச்சி? மளிகைக் கட வடிவேல் பொஞ்சாதி படிச்சிக் காட்டும். இப்ப அது ஊருக்குப் பூடுச்சி."

சின்னப்பாப்பாவுக்கு வயிறு எரிந்தது. அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது. தனக்கே சொந்தம் என்று பதினோரு வருடமாக நம்பியிருந்த காது, மளிகைக் கடை வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறது!

"அங்க மீன் ஆஞ்சிக்கினே கேட்டியா, சும்மா கேட்டியா?"

"ஆஞ்சிக்கினுதான்."

"சீக்கிரம் ஆஞ்சிட்டியா?"

"இது இன்னா கேள்வி? அன்னிக்கின்னு ரொம்ப நேரமாயிடுச்சி. ஏன்னு தெரில."

ஏன் என்று சின்னப்பாப்பாவுக்குத் தெரிந்தது. உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்து வந்தாள். தையலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அந்தக் கதையைத் தன் வாயாலேயே கொன்றுவிடுவது என்று தீர்மானம். ரேஷன் கடைப் பட்டியல் வாசிப்பதுபோல், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஆரம்பித்தாள்.

கதையில் மழை. வேலைக்கு வெளியூர் போகிறவன் விடைபெற்றுக்கொள்ளக் காதலி வீட்டுக்கு வருகிறான். அவசரம். கிளம்பத் தோதாகத் தெருவைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவள் அப்பாவிடம் பேசிக்கொண்டிருக்கிறான். செருப்பு நனைகிறதே என்று ஓரமாக நகர்த்த வந்தவள், குனிந்து எடுத்து, அதை வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுகிறாள்.

வீராயியின் கை நின்றது. பாதி வெட்டிய மீன் அரிவாளிலேயே இருந்தது.

"அப்புறம்? அவன் கண்டுக்கினானா இல்லையா?"

நிலா, கடல், சத்தியம் என்று சின்னப்பாப்பா கொட்டிய அத்தனையையும் ஒரு ஜோடி செருப்பு தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. பக்கத்தில் இன்னும் பாதிப் பத்தி பாக்கி. உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அவ்ளோதான். தொடரும்னு போட்டுட்டான்."

"கைக்குக் கீழ கறுப்பா இன்னமோ இருக்குதே?"

"அது விளம்பரம். தலவலித் தைலம்."

"நல்ல எடத்துல வுட்டுட்டாளே, பாவி மவ!" என்று பெருமூச்சு விட்டு, வீராயி மீனைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்தாள். "வடிவேல் பொஞ்சாதி வரட்டும்" என்றபடி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

பின்வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகே சின்னப்பாப்பா உள்ளங்கையை எடுத்தாள். அவன் கண்டுகொண்டானா இல்லையா? நின்றபடியே மூடி வைத்த இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். மதில்மேலிருந்து குதித்த பூனை, தட்டிலிருந்த சங்கராத் துண்டை இழுத்தது. "சூ!" என்று அதை விரட்டத் தூக்கிய கை, தூக்கியபடியே நின்றது.