வயிற்றைக் குறைக்கும் பொத்தான்

போட்டோவைத் திருத்த எந்த மென்பொருள் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு எல்லாரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: முதலில் உன் தேவை என்னவென்று தெரிந்துகொள், அப்புறம் கையிலிருக்கும் காசைப் பார். எனக்கு இரண்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் இப்படி மாட்டிக்கொண்டேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் மாடி வீட்டிலிருந்து வாட்ஸப்பில் புடவை விற்கிறேன். கீழே சுக்கு மூட்டை அடுக்கிய கிடங்கு. பார்சலைப் பிரித்தால் சுக்கு வாசனை வருகிறது என்று புகார் சொன்னவர்களும் உண்டு. ஆத்துக்காரருக்கு வேலை போனபோது இதை ஆரம்பித்தேன். அவருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை, எனக்கு நிறுத்த வழி இல்லை. காலையில் சமையல், மத்தியானம் போட்டோ, சாயங்காலம் பார்சல், நடுநடுவே "சேச்சி, இதில் வேறே கலர் உண்டோ?" என்று கேட்கும் ஊர்ப்பட்ட பேருக்குப் பதில். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத அலுப்பு அது.

புடவையைக் கொடியில் தொங்கவிட்டு எடுத்தால் ஒருத்தியும் வாங்க மாட்டாள். உடுத்திக் காட்ட வேண்டும். நான் உடுத்தினால் புடவை அழும். அதனால் திருப்பூணித்துறையிலிருந்து என் தங்கை வருவாள். அம்சமான முகம், நல்ல உயரம். ஆனால் வயிறு இருந்தது. இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் மூணாம் மாசத்தில் தங்காமல் போய்விட்டது. அப்புறம் வருஷக்கணக்கில் ஊசி, மாத்திரை. குழந்தை வரவில்லை, வயிறு மட்டும் வந்தது. படத்தைப் போட்டதும் விலை கேட்பதற்கு முன்னால் யாராவது ஒருத்தி கேட்பாள்: "மோடலுக்கு விசேஷம் உண்டோ?"

நல்ல மனசோடுதான் கேட்பார்கள். என் தங்கை அதைப் படித்துவிட்டு போனை மேஜையில் கவிழ்த்து வைப்பாள். ஒருநாள் சொல்லிவிட்டாள். "அக்கா, படத்துல என் வயத்தை எடுத்துடு. இல்லேன்னா இனிமே என்னைக் கூப்பிடாதே."

அதுதான் தேவை. சும்மா இருந்த ஆத்துக்காரருக்கும் ஒரு ஜோலி கிடைத்தது. நாள் முழுக்க வீடியோ பார்த்துவிட்டு, "கேட்டியா, ஸ்டூடியோக்காரா எல்லாரும் இதைத்தான் வெச்சுண்டிருக்கா" என்று ஒன்றைக் காட்டினார். பெரிய கம்பெனியுடையது. மாசாமாசம் வாடகை. வீட்டு வாடகையே முக்கி முனகிக் கொடுக்கிறோம், படத்துக்கு வேறு வாடகையா? ஒரு மாசம் இலவசம் என்று போட்டுப் பார்த்தோம். எங்கள் பழைய லேப்டாப் அதைத் திறந்ததுமே மிக்ஸி மாதிரி இரைந்தது, பிறகு மூச்சை நிறுத்திக்கொண்டது.

அடுத்தது ஒன்று, காலணா கொடுக்க வேண்டாம். கம்ப்யூட்டரில் சாதுவாகத்தான் ஓடியது. ஆனால் எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரிந்துகொள்வதற்குள் எனக்கு மோட்சமே கிடைத்துவிடும். ஒரு வயிற்றைக் குறைக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று; குறைந்தது வயிறு மட்டுமில்லை, பின்னாலிருந்த ஜன்னல் கம்பியும் வளைந்தது. "என்னக்கா, இடுப்பால கம்பியை வளைச்சுட்டேனா?" என்று தங்கை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

கடைசியில் போனிலேயே ஒரு ஆப். சும்மா வைத்துக்கொண்டால் முந்தானை மேல் தன் முத்திரையைக் குத்தும், நடுவில் விளம்பரம் ஆடும். வருஷச் சந்தா கட்டினால் இரண்டும் போகும். வாடகையைவிட எவ்வளவோ தேவலை என்று கட்டினேன். நான் வழக்கமாகச் செய்யும் திருத்தங்களையும் அது நினைவில் வைத்துக்கொண்டது. ஒரே பொத்தான்: வெளிச்சம் கூடும், முகம் தெளியும், இடுப்பு ஒடுங்கும். அப்புறம் ஒருத்தரும் விசேஷம் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது.

சந்தா கட்டி நாலு மாசத்துக்குள் தங்கை உண்டானாள். மூணாம் மாசம் தாண்டியது. ஐந்தும் தாண்டியது. நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசவே பயந்தோம். ஏழாம் மாசம் வளைகாப்பு. அம்மா இல்லை, அதனால் அம்மா ஸ்தானத்தில் நான். விடிவதற்கு முன்னால் எழுந்து கலந்த சாதம் நாலு வகை கிளறி, தூக்கிலே அடைத்து, பஸ் ஏறித் திருப்பூணித்துறை போனேன். எங்களில் வளைகாப்புக்குக் கறுப்புப் புடவைதான், கண் படக்கூடாது என்று. என்னிடம் இருந்ததிலேயே நல்ல கறுப்பை எடுத்துப் போயிருந்தேன். வேப்பிலைக் காப்பு முதலில் போட்டு, அப்புறம் கண்ணாடி வளையல். அடுக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போயிற்று. போட்டோ எடுத்தால் இருட்டில் கறுப்பு. முகமும் வளையலும் மட்டும் தெரிந்தன.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண் சொக்கியது. வெளிச்சம் கூட்டலாமே என்று அந்தப் பொத்தானை அழுத்தினேன். ஒரு படத்தைக்கூடப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. குடும்ப குரூப்பில் அத்தனையையும் போட்டுவிட்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கிப் போனேன்.

தோப்பும்படி ஸ்டாப்பில் விழித்துப் பார்த்தால் வரிசையாகப் பூவும் இதயமும். நடுவில் பாலக்காட்டு அத்தை ஒரு கேள்வி: "ஏண்டி, இது பழைய போட்டோவா? வயத்தைக் காணுமே."

படத்தைத் திறந்தேன். கறுப்புப் புடவை, கை நிறைய வளையல், முகமெல்லாம் சிரிப்பு. வயிறு சப்பையாக இருந்தது.

ஐயோ, இந்தக் கை செய்த பாவமே என்று அடித்துக்கொண்டேன். அவசர அவசரமாக ஒவ்வொன்றாக அழித்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் என்ன ஏது என்று கேட்டாள். அதற்குள் தங்கையின் போன் வந்தது. எடுத்தேன்.

"அக்கா, படத்தைப் பார்த்ததும் கையை வெச்சுப் பார்த்தேன்" என்றாள். "அசையலை."

"ஐயோ, என்னடி சொல்றே?"

"ரொம்ப நேரம் அசையலை. இப்பதான் உதைச்சது. அதான் உன்னைக் கூப்பிட்டேன்."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. "குழந்தை பொறக்கற வரைக்கும் என்னை எடுக்காதே" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வந்து, கால்கூட அலம்பாமல் மாடிப்படியில் உட்கார்ந்து அந்த ஆப்பை அழித்தேன். கட்டின சந்தா போகட்டும், சனியன். அந்த இரண்டு மாசமும் அவள் பெயர் போனில் தெரிந்தால், ஸ்வாமியை வேண்டிக்கொண்டுதான் எடுப்பேன். ஏதாவது ஆகியிருந்தால் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்? ஆத்துக்காரர், "மெஷின் பண்ணினதுக்கு நீ என்ன பண்ணுவே?" என்றார். மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? நான்தானே.

பெண் பிறந்தது. ஆறு மாசம் கழித்துத் தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்தாள். "புடவை எங்கே, கொண்டா" என்றாள். எடுத்த படத்தில் அந்தக் காசில்லாத மென்பொருளை வைத்து வெளிச்சம் மட்டும் கூட்டினேன். அதில் எனக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான். வயிறு தொளதொளவென்று அப்படியே இருந்தது. போட்டு ஐந்து நிமிஷம் ஆகவில்லை, வந்துவிட்டது: "மோடலுக்கு விசேஷம் உண்டோ?"

அழிக்கப் போனேன். அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். குழந்தை வீலென்று கத்த, அதற்கு மேலே தானும் கத்தி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்.

"விசேஷம் எல்லாம் கழிஞ்ஞு சேச்சி, பெண்குட்டி! வயறு மாத்ரம் பாக்கி!"

அப்புறம் குழந்தையை என் ஆத்துக்காரர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த புடவைக்குக் கொசுவம் வைத்துச் செருகிக்கொண்டாள்.

"ம், எடு" என்றாள்.