வெந்நீருக்குத் தப்பிய விதைகள்

எனக்கு இரக்க குணம் கொஞ்சம் அதிகம் என்று சின்ன வயதில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் அப்பாவுக்கு மலைமேல் மன்னவனூர்ப் பக்கம் வனத்துறை நாற்றங்காலில் வேலை. எனக்கு ஆறு வயது. புல் மூடிக் கிடந்த மேடெல்லாம் வாட்டில் என்கிற சீமை மரம் வளர்க்கச் சொல்லி உத்தரவாம். தோல் பதனிட அதன் பட்டை வேண்டுமாம். விதைப்பதற்கு முன்னால் அப்பா செய்கிற காரியம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கறுப்புக் கறுப்பாக இருக்கும் விதைகளை வாளியில் கொட்டி, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றுவார். அடப்பாவமே என்று ஒரு கை அள்ளிக் கவுன் பையில் போட்டுக்கொண்டு ஓடி, வீட்டுக்குப் பின்னால் அம்மாவின் இரண்டு பசுக்களும் மேய்கிற சரிவில் புதைத்துவிட்டேன்.

ஒன்றும் முளைக்கவில்லை. நான் தினமும் அங்கே போய்க் குந்தியிருப்பதைக் கண்டுபிடித்த அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சூடு பட்டால்தான் அந்த விதையின் தோல் வெடித்து முளை விடுமாம். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

கோடையில், புதுப்புல் வரட்டும் என்று அம்மா வழக்கம்போலச் சரிவுக்குத் தீ வைத்தாள். மழை விழுந்ததும் புல்லோடு புல்லாக என் விதைகளும் எழுந்து நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா பிடுங்கப் போனாள். நான் நாற்றுகளை அணைத்துக்கொண்டு படுத்து ஊரைக் கூட்டினேன்.

“பிள்ளை ஆசையா வச்சது. கெடந்துட்டுப் போகட்டும்,” என்றார் அப்பா.

“இது வளந்தா அடியில புல்லு நிக்காதுங்க. மாடு எதைத் திங்கும்?”

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். என் அழுகைக்கு முன்னால் அவர் ஒருநாளும் நின்றதில்லை, பாவம். அம்மா ஏதோ முணுமுணுத்தபடி உள்ளே போய்விட்டாள்.

மேலே அப்பா நட்டது இறங்கி வர, கீழே நான் நட்டது ஏறிப் போக, நாலைந்து வருஷத்தில் சரிவு முழுக்க ஒரே நிழல். அம்மா கொஞ்ச காலம் வெள்ளனே எழுந்து தூரத்துக்குப் போய்ப் புல் அறுத்துச் சுமந்தாள். பிறகு முடியவில்லை. மாடுகளை விற்றுவிடுவது என்று முடிவாயிற்று.

கீழேயிருந்து வியாபாரி வந்த காலையில் என் மரங்கள் முதல் தடவையாகப் பூத்திருந்தன. மஞ்சள் மஞ்சளாக ஒரு மடி பறித்து வந்து, மாலை கட்டி, இரண்டு பசுக்களின் கழுத்திலும் போட்டேன். வியாபாரிகூட அழகாக இருக்கிறது என்றார். நான் பெருமையோடு அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாட்டைப் பிரிகிற வருத்தம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.